தேனில் குழைத்த மாத்திரை

என் பழைய டைரிகளில் 2005-ஐப் புரட்டினால் ஒரு பக்கத்தில் கை நின்றுவிடும். அப்போது கொண்டாப்பூரில் இருந்தோம். பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவருக்கு, ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் புது மாத்திரை எழுதியிருந்தார்.

"நக்கோம்மா, வேணாம், இது தொண்டையில இறங்காது" என்று அவர் அடம்பிடிக்க, ஏலக்காய் இடிக்கும் உரலில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில், ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார்.

கிளினிக்கில் டைரியைப் படித்துக் காட்டினேன். "காலை 7.10, மாத்திரை, பொடித்து..."

"பொடிச்சா? ஏம்மா பொடிச்சீங்க?" என்றார் டாக்டர். அந்த மாத்திரை வயிற்றின் ஈரத்தில் கூழாக உப்பி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுமாம். நான் பொடித்ததால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கி, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது.

சாயங்காலம் தெளிந்தவர், "இருபது வருஷம் உன் சமையலால முடியாதது, ஒரு ஸ்பூன் தேன்ல முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் உடைப்பதில்லை. என் கணவருக்குச் சின்ன மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார்கள். ஓய்வுபெறும்வரை தினமும் அதை விழுங்கி, வாயைத் திறந்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார்.