புருஷன் இருக்க வெள்ளைச் சேலை

காத்தான் முதலில் எரித்தது இங்கிலீஷ் புத்தகத்தை.

அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. இருசாயி ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக் கிளறியபடி, மடியில் விரித்த பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்தவன் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்புக்குள் திணித்தான். அவள் எடுக்கப் பாய்ந்தாள். நீட்டிய கையைத் தரையோடு மிதித்துக்கொண்டு, அட்டை சுருண்டு கருகும்வரை அவன் காலை எடுக்கவே இல்லை.

"சம்பளம் வாங்குற, போதும். இதுக்கு மேல உனக்கு என்ன படிப்பு?" என்றான்.

களி அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் ஒரு அறை விழுந்தது.

அது ஐம்பத்தாறாம் வருஷம். இருசாயி திண்ணனூர் நாட்டுக்காரி; மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மலைமேல் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, கீழே போய்ப் பிரசவம் பார்க்கிற பயிற்சியை முடித்து, மலைமேல் இருந்த சின்ன ஆசுபத்திரியிலேயே மருத்துவச்சியாக வேலைக்கு வந்திருந்தாள். அந்த ஆசுபத்திரியில் டாக்டர் என்று யாரும் நிலையாக இருந்ததில்லை. கம்பவுண்டர் அர்த்தனாரி இருந்தார், இவள் இருந்தாள், அவ்வளவுதான். வேலைக்கு வந்த மறு வருஷம் காத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு மிளகுக்கொடி ஏறிய நல்ல காடு இருந்தது. கள் இறங்கினால் கை சும்மா இருக்காது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

மேலே படிக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்தது பாவாயியால். பாவாயி அடுத்த குக்கிராமத்துப் பெண். எட்டு மாதச் சூலியை அவள் புருஷன் வயிற்றில் உதைத்திருந்தான். பிள்ளை செத்துப் பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. இருசாயிக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். கம்பளியைக் கழியில் தூளி கட்டிப் பாவாயியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க, இருசாயியும் கூடப் போனாள். தூளியின் அடியிலிருந்து சொட்டியது பாதையெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கடைசி இறக்கத்தில் சொட்டுவதும் நின்றுவிட்டது. கீழே இருந்த டாக்டர் உடம்பைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டு, நரம்புல உப்புத்தண்ணி ஏத்தி, உள்ள அழுத்திப் பிடிச்சிருந்தா பிழைச்சிருப்பா. உனக்கு அதெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க, அது ஸ்டாப் நர்சுங்களுக்குத்தான்" என்றார். அவர் குறை சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னார். திரும்ப மலையேறி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. பாவாயி புருஷனின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல விரல்கள் துடித்தன. அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

நர்ஸ் படிப்புக்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். வேலையை விடாமல் தனியாகவே படித்தாள். எரிந்த புத்தகத்துக்குப் பதில் வேறொன்று வாங்கி ஆசுபத்திரி அலமாரியில், பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். பிரசவ வலி எடுத்து ஒருத்தி கிடக்க, வலிக்கும் வலிக்கும் நடுவில் கணக்குப் போட்டாள். முதல் தடவை கணக்கிலேயே தவறினாள். அதைக் கேட்ட காத்தான் சிரித்தான், அன்றைக்கு அடிக்கவில்லை. இரண்டாம் தடவை தேறினாள். அன்றைக்கு அவன் அடித்ததில் ஒரு கடைவாய்ப்பல் போனது.

பல் போன வாயோடு உட்கார்ந்துதான் நர்ஸ் பள்ளிகளுக்கு விண்ணப்பம் எழுதினாள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று, கல்யாணமானவர்களை எடுப்பதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மூன்றாவது, கீழ்நாட்டில் இருந்த ஒரு தர்ம ஆசுபத்திரி. விதவைகளையும் புருஷனை விட்டுத் தீர்ந்தவர்களையும் எடுப்போம், வேலை பார்த்த அனுபவம் இருப்பதால் நேரில் வா என்று எழுதியிருந்தார்கள்.

அர்த்தனாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அவன் செத்தாத்தான் உனக்கு எடம் போலிருக்குது."

"தீர்த்துக்கிட்டாலும் எடம் உண்டுங்க," என்றாள் இருசாயி.

மலையில் அதற்கு வழி உண்டு. ஊர்க்கவுண்டர் முன்னால் இரண்டு பேரும் நின்று, சேர்ந்து வாழ முடியாது என்று சொன்னால் தீர்ந்தது. கூட்டத்தில் அவள் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினாள். முதுகைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். காத்தான், "போறவ போகட்டுங்க" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு சுலபமாக முடிந்ததே அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

நேர்காணலுக்கு இறங்கிய அன்று காலை, காரவள்ளிப் பாதையில் ஒரு பாறைத் திருப்பத்தில் அவன் நின்றிருந்தான். கையில் மூங்கில் தடி. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு அவன் தடியை ஓங்கியபோது அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். மூன்று வருஷம் வாங்கியதெல்லாம் அந்தக் கையில் இறங்கியது. கல் அவன் புருவத்தில் பட்டு முகமெல்லாம் ரத்தம் வழிய உட்கார்ந்துவிட்டான். அவள் நின்று அவனைப் பார்த்தாள். இன்னொரு தரம் ஓங்கினாள். பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு, சேலை முந்தானையைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தர்ம ஆசுபத்திரியில் மேட்ரனாக இருந்தவர் ருக்குமணி அம்மாள். ஒடிசலான உடம்பு, தாழ்ந்த குரல். இருசாயியின் வீங்கிய தோளைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தீர்த்துவிட்ட புருசன் அடிச்சானுங்க."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் அடிச்சேனுங்க. மண்டைய ஒடைக்கலாம்னுதான் இருந்தேன்."

மேட்ரன் எழுந்து வந்து காறை எலும்பைத் தொட்டுப் பார்த்தார். "முதல்ல இதுக்குக் கட்டுப் போட்டுக்க. மத்த கேள்வியெல்லாம் அப்புறம்" என்றார். எலும்பு கூடி வந்ததும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

படிப்பு என்று பேர், பாதிக்கு மேல் வேலைதான். காலையில் வார்டு, நடுவில் பாடம், மறுபடி வார்டு. சீழ் வடியும் கால்கள், பைத்தியம் பிடித்தது போல உதறிய ஜுரக்காரர்கள், சண்டையில் குடல் சரிந்து வந்தவர்கள். லீவு நாட்களில் மலைக்குப் போகாமல் அங்கேயே கூலிக்கு நின்றாள். அவளுக்கு அங்கே நெருக்கமானவள் சென்னம்மாள் ஒருத்திதான். காரவள்ளிக்காரி, வார்டு ஆயா, பேச்சுக்குப் பேச்சு "கண்ணு" போடுகிறவள். இருசாயி வார்டு வாசலில் நின்றபடி பாடத்தை ஒப்பிக்க, அவள் பெருக்கிக்கொண்டே கேட்பாள். "எனக்கு ஒரு எழவும் புரியல கண்ணு, ஆனா நீ எங்கயும் நிறுத்தல, அதனால சரியாத்தான் இருக்கும்" என்பாள்.

இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம். பார்வையாளர் நேரம், வாசல் திறந்து கிடந்தது. இருசாயி நர்சுகள் கட்டும் வெள்ளைச் சேலையோடு வார்டு கோடியில், ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தருகே நின்றிருந்தாள். காத்தான் உள்ளே வந்தான். புருவத்தில் தழும்பு. வேட்டி மடிப்பிலிருந்து கொடுவாளை உருவினான்.

"நான் உசுரோட இருக்கயில வெள்ளச் சீல கட்டிட்டு நிக்கறயா?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவனிடம் பேசுவது போலக் கேட்டான்.

ஓடுவதற்கு வழி இல்லை, அவனைத் தாண்டித்தான் வாசல். சென்னம்மாள் துடைப்பத்தோடு குறுக்கே வந்து, "ஏப்பா, நோயாளி படுத்திருக்கிற எடத்துல" என்று கையை நீட்டினாள். கொடுவாள் அந்தக் கையில் இறங்கியது. அவள் சுவரோரம் சரிந்தாள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீச்சியது. காத்தான் அவளைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தான்.

இருசாயி பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளங்கை வெந்தது, விடவில்லை. கொதிக்கிற தண்ணீரையும் அதிலிருந்த ஊசிகளையும் அவன் முகத்தில் வீசினாள்.

அவன் போட்டது மாதிரி ஒரு கூச்சலை அந்த வார்டில் இருந்தவர்கள் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். கொடுவாள் எங்கோ போய் விழுந்தது. அவன் தரையில் உருண்டான், கழுத்துத் தோல் அவன் விரலோடு வந்தது. இருசாயி அவனை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்ச் சென்னம்மாளின் கையைத் தூக்கிப் பிடித்து, முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டி, ரத்தக்குழாயை விரலால் அழுத்திக்கொண்டு, டாக்டர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது. ஆசுபத்திரிக் கமிட்டிக்காரர்களில் சிலர், இந்த மாதிரிப் பெண்ணை வைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொருவன் வருவான் என்றார்கள். மேட்ரன் ருக்குமணி அம்மாள், "வந்தவன் கையில் கொடுவாள் இருந்தது. இவள் கையில் நம் ஆசுபத்திரிப் பாத்திரம் இருந்தது. இவளை அனுப்பினால் நானும் போகிறேன்" என்றார். அவர் போனால் நடத்த ஆள் கிடையாது. அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே வந்தது. சிறைக்குக் கொண்டுபோகும் நிலையில் காத்தான் இல்லை. வாசலில் ஒரு போலீஸ்காரரை வைத்து அவனை அதே ஆசுபத்திரியில் படுக்கப் போட்டார்கள். கட்டு மாற்றப் போக மாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மேட்ரன் இருசாயியைக் கூப்பிட்டு, உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

தினமும் பழைய கட்டை நனைத்து, ஒட்டிய துணியைப் பிரித்து, செத்த தோலை இடுக்கியால் எடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஒரு நாள், "கொன்னுபோடு புள்ள" என்றான்.

"அதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல," என்றாள்.

அன்று அவள் துணியை நன்றாக நனைக்காமலே இழுத்தாள். அவன் முதுகு வில்லாக வளைந்தது. அவளுக்குள் ஒரு இடம் குளிர்ந்தது. அடுத்த துணியையும் அப்படியே இழுத்தாள். அதன்பிறகுதான் தன் கை என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பங்கரையில் தன் கையை மிதித்துக்கொண்டு நின்ற அவன் முகத்திலும் இந்தக் குளிர்ச்சி இருந்திருக்கும் என்று தோன்ற, இடுக்கியை வைத்துவிட்டு மேட்ரன் அறைக்குப் போனாள்.

"என்னை மாத்துங்கம்மா. நான் வேணும்னே வலிக்கப் பண்றேன். பண்ணும்போது எனக்கு நல்லா இருக்குது."

மேட்ரன் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை பேர் அதைத் தெரியாமலே பண்றாங்க. உனக்குத் தெரியுது. கையைக் கழுவிட்டுப் போய் மிச்சத்தை நனைச்சு எடு."

போனாள். நனைத்து எடுத்தாள். அவனை மன்னிக்கவில்லை, அப்படி எதுவும் அவள் மனசில் நடக்கவில்லை. துணி நனைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தாள். புண் ஆறியதும் அவனைச் சிறைக்குக் கூட்டிப்போனார்கள். பாதி முகமும் கழுத்தும் இழுத்துப் பிடித்த தோலாக இருந்தது. வெளியே வந்தவன் மலைக்குத் திரும்பவில்லை, எங்கோ தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.

அறுபத்திரண்டில் படிப்பை முடித்தாள். டவுனிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். அவள் மலை ஆசுபத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்னம்மாளின் கையில் இரண்டு விரல் மடங்காமலே போய்விட்டது, பழைய இடத்தில் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. "நீ போற எடத்துக்கு நானும் வாரேன் கண்ணு" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள்.

வந்த வாரமே திருப்புலி நாட்டிலிருந்து இரண்டு பங்காளிக் குடும்பத்து ஆட்கள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வரப்புச் சண்டை. ஒருவனுக்குத் தொடையில் வெட்டு, இன்னொருவனுக்குத் தலையில். தூக்கி வந்தவர்கள் கையிலும் ஆயுதம் இருந்தது. ஆசுபத்திரி வாசலிலேயே மறுபடி ஆரம்பிக்கத் தயாராக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அர்த்தனாரி மருந்து அறைக்குள் போய்விட்டார்.

இருசாயி வாசப்படியில் வந்து நின்றாள். "கொடுவாள வெளிய போட்டுட்டு உள்ள வாங்க."

"எங்க ஆளத்தானுங்க முதல்ல பாக்கணும்," என்றான் ஒருவன்.

"எவனுக்கு ரத்தம் அதிகமாப் போகுதோ அவனைத்தான் முதல்ல பாப்பேன். பேசிட்டு நின்னா ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்த வழியே போகலாம்."

ஒரு கொடுவாள் மண்ணில் விழுந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. தொடை வெட்டுக்காரனை உள்ளே தூக்கிவரச் சொன்னாள். சென்னம்மாள் மடங்காத விரல்களோடு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.