வண்டி ஓடுதா அண்ணே?

ஆஹென் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நேற்று புதிதாகத் தார் போட்டார்கள். 1965-இல் ஜெர்மனிக்குப் படிக்க வந்தவள் நான். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சூட்டு வாசனை என்னை வேலூர் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மா எல்லையில், காட்டையும் மலையையும் வெட்டி ராணுவத்துக்குச் சாலை போட்ட படைப்பிரிவில் அப்பா இருந்தார். போர் முடிந்து அவர் திரும்பிய சில நாளில், அவரோடு வேலை செய்த முனுசாமியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரை எங்கே புதைச்சீங்க அண்ணே?"

அப்பா தலை நிமிரவில்லை. "மழையில மலை சரிஞ்சு மூடிடுச்சும்மா. மண்ணை அள்ளிப் பார்க்க மேலிடத்துல விடல. அதுமேலயே ரோடு போட்டுட்டோம்."

அவள் வெகுநேரம் அழுதாள்.

"அதுல வண்டி ஓடுதா அண்ணே?"

"ராப்பகலா ஓடுதும்மா."

"அப்போ அவர் தனியா இல்ல," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அம்மா கொடுத்த காப்பியை அப்பா தொடவில்லை. "பட்டாளம் எப்பவோ கிளம்பிடுச்சு. இந்நேரம் அந்த ரோட்டைக் காடு மூடியிருக்கும்," என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். போன மாதம் அவர் இறந்தபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை.