படிக்காமல் போட்ட கையெழுத்து

சந்தாபுராவில் நாங்கள் வாங்கிய வீட்டின் கடனை இருபது ஆண்டுகளுக்குப் பதிலாக ஒன்பதே ஆண்டுகளில் அடைத்துவிட முடிவு செய்தோம். ஓட்டல் கிடையாது, பட்டுப்புடவை கிடையாது. மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூடப் போகவில்லை. மிச்சப்பட்டதையெல்லாம் கூடுதல் தவணையாகக் கட்டினோம். ஒவ்வொரு ரசீதையும் என் டயரியில் ஒட்டி வைத்தேன்.

கடைசித் தவணை முடிந்ததும் வீட்டுப் பத்திரத்தை வாங்க நானும் என் கணவரும் மகளும் வங்கிக்குப் போனோம்.

“பத்திரம் இப்போ கொடுக்க ஆகாது மேடம். இதே வீட்டு மேல இன்னொரு லோன் இருக்குதல்வா?” என்றார் அதிகாரி, கன்னடம் கலந்த தமிழில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த கடன். படிவத்தில் என் கையெழுத்தும் இருந்தது. வட்டியைக் குறைக்கச் சொல்லும் மனு என்று என் கணவர் சமையலறைக்கே கொண்டுவந்து நீட்டியது அது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, படிக்காமலே போட்டிருந்தேன்.

“தம்பி கடைக்காக எடுத்தேன். அவன்தான் கட்டறான். சொன்னா நீ ஒத்துக்கவே மாட்டே” என்றார் அவர்.

“அப்போ நான் டூர் போகாம இருந்தது வீணாப்பா?” என்றாள் மகள்.

மாதாமாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம்தான், வீடு நம்ம கைக்கு வந்துடும்” என்று சொன்னவர், படிவத்தை அதிகாரி பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

இப்போது வங்கிக்கு நானே போய்க் கடன் விவரத்தைக் கேட்டு வாங்குகிறேன். போன வாரம் அவர் ஒரு காப்பீட்டுப் படிவத்தை நீட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்லைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.