தறிக்கு எதிரே பாமினி சுல்தான்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேவூரில் எங்கள் வீட்டுத் தறியில் என் கணவர் பட்டுப்புடவை நெய்தார். ஒரு பக்கத்துக் கரைக்குத் தனி நாடா, அதாவது ஊடைநூல் சுற்றிய ஓடம், ஓட்ட எதிரே ஓர் ஆள் வேண்டும். பி.யு.சி.யோடு படிப்பு நின்ற நான்தான் அந்த ஆள். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்த அவர், இடைக்காலத் தக்காணம் என்ற ஒரே தாளில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார்.

"இந்த வாட்டியும் போச்சின்னா புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

புத்தகத்தை மடியில் விரித்து, ஒரு நாடா ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் சத்தமாக வாசிப்பேன். பாமினி சுல்தான்களின் தலைநகரம் குல்பர்காவிலிருந்து பீதருக்குப் போனது. பாரசீகத்திலிருந்து வியாபாரியாக வந்தவர் மந்திரியாகி, அங்கே பெரிய மதரஸா கட்டினார். யாரோ எங்கேயோ என்று தள்ள முடியாது. அந்தப் பாமினி அரசு உடைந்து முளைத்த பீஜப்பூர்தான் பின்னாளில் எங்கள் ஆரணி வரைக்கும் கை நீட்டியது.

உண்மையைச் சொன்னால், அவர் தேறுவதைவிட எனக்கு அந்த வாசிப்புதான் பெரிது. தோற்றால் புத்தகம் போய்விடும், தேறினாலும் வாசிக்கக் காரணம் இருக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

யாரோ ஜோடித்த பொய்க் கடிதத்தை நம்பி, குடிபோதையில் சுல்தான் அந்த வயதான மந்திரியின் தலையை வாங்கச் சொன்ன பக்கம் வந்தது. என் கணவர் தறி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"விசாரிக்காமயேவா?"

"விசாரிக்காமத்தாங்க. ஜல்தியா மிதிங்க, முகூர்த்தப் பொடவை நிக்குது."

அன்று முழுக்கத் தறி ஓடவில்லை.

பரீட்சையில் அதே மந்திரியைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். வீடு திரும்பியவர் திருதிருவென்று விழித்தார்.

"சாதனையெல்லாம் ஒரு பக்கம் எழுதிட்டேன். மீதி நாலு பக்கமும் அந்த சுல்தானைத் திட்டிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். பரீட்சைத்தாளில் போய்ப் பஞ்சாயத்து வைக்கிற மனுஷனை என்ன சொல்ல?

முடிவு பார்க்க ஆரணிக்குப் போனவர் சிரித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினார். தேறிவிட்டார். திருத்தியவருக்கும் சுல்தான் மேல் கோபம் இருந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான்.

"இனிமே நான் இன்னாத்தங்க வாசிக்கறது?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதே படிப்புக்கான விண்ணப்பம்.

"எனக்காவ எவ்ளோ வாசிச்சிகினு இருந்த. இனிமே சாயங்காலத்துல நான் வாசிக்கறேன், நீ கேளு."

பெயர் எழுதும் இடத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், என் பெயரை அவர் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.