மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

சுதந்திர தின அணிவகுப்பில் பள்ளிக் கொடியை ஏந்திப் போக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான்காம் வகுப்பில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. முந்தின நாள் காலையிலேயே அம்மா என் வெள்ளைச் சீருடையைத் துவைத்துப் போட்டாள். தீவின் மேற்குப் பக்கம் இருக்கும் எங்கள் சௌல்தாரியில் மழை விட்டால்தானே காயும்? கரண்டும் இல்லை, இஸ்திரி போடவும் வழியில்லை. மத்தியானம் தொட்டுப் பார்த்தால் ஈரம் கூடித்தான் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, போனைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் போய்க் காயவெச்சுட்டு வரோம்க்கா."

"அங்க மட்டும் மழை பாரிஷ் எதுவும் இல்லையாடி?"

"காத்து மேற்கேருந்து வருது. மேகம் மலை ஏறுறப்பவே எல்லாத்தையும் நம்ம தலையில கொட்டிடுது. உதர், அந்தப் பக்கம் இறங்குறப்ப அதுகிட்ட என்ன மிஞ்சும்?"

அம்மா நம்பவில்லை. நான் முழுசாக நம்பினேன்.

மேட்டில் ஏற ஏற மழை முகத்தில் அறைந்தது. உச்சியில் மேகம் சாலையிலேயே கிடந்தது. சீருடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். இறக்கத்தில் தூறலானது. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் தார்ச்சாலை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. முன்னால் போன பஸ் புழுதி கிளப்பியது. புழுதியைக் கண்டு நான் போட்ட கூச்சலில் சித்தி வண்டியையே நிறுத்திவிட்டாள். அங்கிருந்து கடற்கரை வரைக்கும் சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அது காற்றில் படபடவென்று அடித்தது.

கரையோரத்தில் சித்தியோடு கல்லூரியில் படித்த ஒருவரின் வீடு. அவர் கொடிக்கயிறு கட்டிக் கொடுத்தார், டீ போட்டார். துணி காய ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் சித்தியும் அவரும் பேசி முடித்து நாங்கள் கிளம்பும்போது சாயங்காலமாகிவிட்டது.

மறுநாள் அணிவகுப்பு தொடங்கியதுமே மழை கொட்டி எல்லோரும் தெப்பலாக நனைந்தோம். ஆனாலும் காய்ந்த உடுப்பில் மைதானத்துக்கு வந்தவள் நான் ஒருத்திதான்.

ஐப்பசி கழிந்து காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. இப்போது எங்கள் பக்கம் வெயில் அடித்தது, மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்து நின்றது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள்.

"சித்தி, காத்து மாறிடுச்சு. இப்ப அங்கதான் மழை. காயவெக்கணும்னா இங்கயே காயவெக்கலாம்" என்று விளக்கிச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள் சித்தி. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, நல்ல வெயிலில், மலையைப் பார்த்து வண்டியைக் கிளப்பினாள்.