10101 சிக்கவில்லை

பலகையில் 10101 என்று எழுதிவிட்டு, சாக்பீஸும் கையுமாக நான் திருதிருவென்று விழித்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். இருந்தது ஒரே இடம். வந்தவர்கள் இரண்டு பேர், விழுப்புரத்திலிருந்து நானும் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாயும். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் மாணவராக முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். தேர்வுக் குழு பின்னால் இருக்கும். இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்த எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும்.

தொடக்கம் அமர்க்களம்தான். 111 பகா எண் இல்லை, மூன்று பெருக்கல் முப்பத்தேழு. ஆனால் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவதால்தான் அப்படி. இரண்டிரண்டாகக் கட்டினால் அதே 111 ஏழைக் குறிக்கும், மும்மூன்றாகக் கட்டினால் பதின்மூன்றை. இரண்டும் பகா எண்கள்! என் குரல் எனக்கே பிடித்துப்போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 10101-ம் இப்படிக் கட்டி எண்ணும் ஏதாவது ஓர் அடிமானத்தில் (base) பகா எண் ஆகும், கண்டுபிடியுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். வீட்டில் போட்டுப் பார்க்கவே இல்லை.

பாய் குனிந்து நோட்டில் போட ஆரம்பித்தார். நானும் பலகையில் போட்டேன். இரண்டில் 21, மூன்றில் 91, நான்கில் 273. ஒன்றுகூடப் பகா எண் இல்லை. தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவருக்கு. அவர் கையைத் தூக்கினார்.

"மேடம், அஞ்சு வரைக்கும் போட்டுக்கினே வந்துட்டேங்க. எதுலயும் பகா எண் சிக்கல. ஆனா மூணு ஏழு, ஏழு பதிமூணு, பதிமூணு இருபத்தொண்ணுன்னு பெருக்கலா வருது பாருங்க. இந்த ஏழும் பதிமூணும் நீங்க முன்னாடி எழுதினதுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழும் பதின்மூன்றும் என்னுடைய 111 அல்லவா! பத்திலும் வகுத்துப் பார்த்தேன்: 10101-ஐ 111 மீதியில்லாமல் வகுத்தது, 91 வந்தது. குழு இருப்பதையே மறந்துவிட்டோம். அவரும் எழுந்து வந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டார். அடிமானத்துக்கு எண்ணே போடாமல் ஓர் எழுத்தை வைத்துப் பெருக்கினோம். எந்த அடிமானமானாலும் 10101-க்குள் 111 ஒரு காரணியாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அது எந்தக் காலத்தில் பகா எண் ஆகப் போகிறது? நான் சொன்னது தப்பு என்று நானே உரக்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்றே முடிவைச் சொன்னார்கள், வேலை எனக்குக் கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாமே, உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேவிட்டேன்.

"தோணாம இருக்குமாங்க மேடம்? ஆனா அப்படிச் சொல்லிட்டா பாடம் அத்தோட நின்னுடும். ஏன் ஒண்ணும் சிக்கலைன்னு தெரியாம எப்படிங்க வீட்டுக்குப் போறது?"