பெரியப்பாவின் கல்வெட்டில் ஒரு வளைந்த குறி

போன கிழமை முழுக்க என் போனுக்கு ஓய்வே இல்லை.

பெரியப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கல்வெட்டு என்போம். இந்த அனுபவத்துக்குப் பிறகு சொல்கிறேன் — கல்லிலேயே வெட்டியிருக்கலாம். சுலபமாக முடிந்திருக்கும்.

பெரியப்பாவின் மூத்த மகன் டொரொன்டோவில். இளையவர் லண்டனில். இரண்டு பேரும் செத்தவீட்டுக்கு வந்து, அழுது, லீவு முடியத் திரும்பிப் போய்விட்டார்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் மிஞ்சியிருப்பது நான். ஆகவே அச்சகத்துக்கு அலைவது நான். முடிவெடுப்பது அவர்கள்... வாட்ஸ்அப் குழுவில். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு குழு இருக்கும். அனுதாபங்கள்.

வில்லங்கம் முதல் பக்கத்திலேயே தொடங்கியது. பெரியப்பா தினமும் குளித்துவிட்டுச் சொல்லும் வடமொழிச் சுலோகம் ஒன்றை அங்கே போட்டிருந்தோம். அதன் நடுவில், ஆங்கில ‘எஸ்’ போல வளைந்து ஒரு சின்னக் குறி.

“இதென்ன இங்கிலீஷ் எழுத்து? பிரஸ்காரன் பிழை விட்டிட்டான். எடுக்கச் சொல்லு!” — டொரொன்டோ அண்ணா.

“பிழையில்லை. அதுக்குப் பேர் அவக்கிரகம். இருக்கத்தான் வேணும்!” — லண்டன் அண்ணா.

விசாரித்துப் பார்த்தேன். லண்டன் சொன்னது சரி. இரண்டு சொற்கள் சேரும்போது சில இடங்களில் ஒரு ‘அ’ விழுந்துவிடுமாம். வாய் அதைச் சொல்லாது. ஆனால் இந்த இடத்தில் ஒன்று இருந்தது என்று கண்ணுக்குக் காட்ட அந்த வளைவைப் போடுவார்களாம். நல்ல ஏற்பாடுதான். அத்தோடு விட்டிருக்கலாமே? விடுவார்களா?

சிட்னியிலிருக்கும் மச்சான் ஒருவர் பழைய புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். யாரோ காற்புள்ளியைத் தூக்கி மேலே வைத்தால் போதும் என்றார்கள். கோயில் ஐயாவைக் கேள் என்று எனக்கு உத்தரவு வந்தது. கேட்டேன்.

“போட்டாலும் ஒண்டுதான், விட்டாலும் ஒண்டுதான் பிள்ளை. சொல்லேக்க வித்தியாசம் வராது” என்றார் அவர்.

அதை அப்படியே குழுவில் போட்டேன். ஐயா தன் பக்கம்தான் என்று இரண்டு அண்ணாமாரும் கைகூப்பும் படம் போட்டார்கள்!

வியாழக்கிழமை மறுபடி கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு. வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ் பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீலர். அச்சகத்தை நடத்தும் மொறிஸ் என்னைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

“மிஸ், இண்டைக்கு வைக்கிறதா, எடுக்கிறதா? நாளைக்கு பௌர்ணமி, போயா லீவு. பிரஸ் பூட்டு. இண்டைக்கு அடிக்காட்டி ஞாயித்துக்கெழமைக்கு புக் இல்ல.”

அண்ணாமாரின் முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். வம்சாவளி டொரொன்டோவிலிருந்து எழுதி வந்தது. மகன்மார், மருமகள்மார், பேரப்பிள்ளைகள், கனடாவில் அண்மையில் பிறந்த பூட்டப்பிள்ளை... எல்லாரும் இருக்கிறார்கள். சாந்தினி அக்கா இல்லை.

சாந்தினி அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். துறைமுகத்தில் வேலை பார்த்த அன்ரனை — கத்தோலிக்கர் அவர் — விரும்பிக் கட்டியதற்காக வீடு அவருக்குக் கதவைச் சாத்தியது. பெரியம்மா போன பிறகு பெரியப்பாவே அவரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தார். சோறு குழைத்துத் தீத்தியது, சவரம் செய்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கட்டிலடியில் நின்றது எல்லாம் அவர்தான். அண்ணாமார் வீடியோ கோல் எடுத்தபோதெல்லாம் போனைப் பிடித்துக் காட்டியது யார் கையாம்?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அங்கே நின்றபடியே டொரொன்டோவுக்கு எடுத்தேன்.

“அண்ணா, வம்சாவளியில சாந்தினி அக்கான்ர பேர் எங்க?”



“அது... அப்பா அந்த நேரம் அவளை வேண்டாம் எண்டு விட்டவர்தானே. இப்ப ஏன் உதைக் கிளப்புறாய்?”

“பிறகு பெரியப்பாதானே கூப்பிட்டவர். உங்களுக்குத் தெரியும் அண்ணா.”

“சரி, சரி. உதைப் பிறகு கதைப்பம். அந்தக் குறி என்ன மாதிரி?”

என்ன மாதிரியா?

விழுந்துபோன ஓர் எழுத்துக்கு அடையாளம் வைப்பதா வேண்டாமா என்று மூன்று கண்டங்களிலிருந்து சண்டை பிடிக்கிறார்கள். கூடப்பிறந்தவளை வம்சத்திலிருந்தே தூக்கியிருக்கிறது... அதற்கு ஒருவரும் ஒரு வொய்ஸ் மெசேஜ்கூடப் போடவில்லை. அவளுடைய இடத்தில் ஒரு வளைவு, ஒரு புள்ளி, ஒன்றுமே இல்லை. படித்த சனம் என்று வேறு நமக்குப் பெயர்!

போனை வைத்தேன்.

“மொறிஸ், குறி இருக்கட்டும். வம்சாவளியில ஒரு மகளைச் சேர்க்க வேணும்.”

“பேரச் சொல்லுங்க மிஸ்.”

சொன்னேன். அன்ரன் அத்தானின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னேன். இனி அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, போனை ஓஃப் செய்து கைப்பைக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சாந்தினி அக்கா கடைசி வரிசையில் இருந்தார். யாரும் இருத்தவில்லை; தானாகப் போய் இருந்துகொண்டார். நான்தான் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுலோகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை. நேரே வம்சாவளிக்குப் போனார். விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“அண்ணா சொல்லியே போட்டது?”

எனக்கிருந்த எரிச்சலுக்கு முழுக் கதையையும் கொட்டியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கொட்டுவது?

“ஓம் அக்கா” என்றேன்.

பின்னேரம் புத்தகத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். வம்சாவளிப் பக்கத்தையும் சேர்த்துத்தான். லண்டன் அண்ணா ஒரு கும்பிடு போட்டார். டொரொன்டோ அண்ணா எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது தெரிந்தது. நானும் சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தேன்.

கடைசியில் வந்தது ஒரே வரி: “குறி கொஞ்சம் பெரிசாப் போச்சு.”